பூட்டுபவர் வேறு, சுமப்பவர் வேறாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வங்கிச் செயலி, மின்கட்டணம், இறைவரித் திணைக்களக் கணக்கு, பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பம், கனடாவில் இருக்கும் மகளோடு தொடர்பாடும் மின்னஞ்சல்... யாழ்ப்பாணத்து வீடொன்றில் இன்று கடவுச்சொற்களுக்குக் குறைவில்லை. அவை பெரும்பாலும் சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தைப் பிடித்த படத்திலோ, தனக்குத் தானே அனுப்பிய வட்ஸ்அப் செய்தியிலோ இருக்கும். கொப்பியைக் குறை சொல்ல மாட்டேன். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிய கொப்பியை இணையத் திருடன் தொட முடியாது. படம் பிடிப்பதில்தான் கெடுதி தொடங்குகிறது. அந்தப் படம் பல தொலைபேசிகளில் தானாகவே கூகுள் போட்டோஸுக்கு ஏறிவிடும். திருத்தக் கொடுக்கும் கடையில் யார் கண்ணிலும் படும்.

இதற்கு மருந்தாக, பாஸ்வேர்ட் மனேஜர் எனப்படும் கடவுச்சொல் பெட்டகச் செயலியைப் போடச் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் "எல்லாக் கருவிகளுக்கும் தானாக வந்து சேரும்" என்ற விளம்பரத்தை நம்பி, முதலில் கண்ணில் பட்டதைப் போடுவது கொப்பியை விட மோசமாக முடியலாம். 2021 பெப்ரவரியில் மைக் குக்கெட்ஸ் என்ற ஜெர்மன் பாதுகாப்பு ஆய்வாளர், லாஸ்ட்பாஸ் என்ற கடவுச்சொல் பெட்டகத்தின் அன்ட்ரொயிட் செயலிக்குள் பயனரின் நடவடிக்கையை வேறு நிறுவனங்களுக்குச் சொல்லும் கண்காணிப்பு நிரல்கள் 7 இருப்பதை எடுத்துக் காட்டினார். அதே நிறுவனம் 2022 டிசம்பரில், வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளைத் திருடர் கொண்டுபோனதாக ஒப்புக்கொண்டது. கடவுச்சொற்கள் சாவியின்றி வாசிக்க முடியாதபடி மறையாக்கப்பட்டிருந்தன. ஆனால் எந்தெந்தத் தளங்களில் கணக்கு இருக்கிறது என்ற இணைய முகவரிகள் அப்படியே வாசிக்கும்படி கிடந்தன. பெட்டகத்தையே திறக்கும் பிரதான கடவுச்சொல்லை இலேசாக வைத்திருந்தவர்களின் பெட்டகத்தைத் திருடர் ஆற அமர இருந்து உடைக்கலாம்.

கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் பார்சல் கொடுத்துவிடும்போது நடத்துநரிடம் பொதியை நாம்தான் கட்டிக் கொடுக்கிறோம். எடுக்க வருபவரின் தொலைபேசி எண் அவருக்குத் தெரிந்தால் போதும், உள்ளே இருப்பது என்னவென்று தெரிய வேண்டியதில்லை. கடவுச்சொல்லிலும் இப்படிப் பூட்டுவதை ஒரு மென்பொருளிடமும், சுமப்பதை இன்னொன்றிடமும் பிரித்துக் கொடுத்துவிட்டால், இரண்டில் எதுவும் நம்மை முழுதாக அறிந்திருக்காது. இரண்டுக்கும் பணம் கட்டத் தேவையில்லை. நிரலை எவரும் திறந்து பார்க்கக்கூடிய மென்பொருள்களே இரண்டுக்கும் இருக்கின்றன.

பூட்டுவதற்குக் கணினியில் கீபாஸ்எக்ஸ்சி. 2003இல் தொடங்கிய கீபாஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கடவுச்சொற்கள் எல்லாம் கே.டி.பி.எக்ஸ் என்று முடியும் ஒரே கோப்புக்குள் மறையாக்கப்பட்டு இருக்கும். அன்ட்ரொயிட்டில் அதே கோப்பைத் திறக்கக் கீபாஸ்டிஎக்ஸ் இருக்கிறது. கோப்பை ஏற்றி இறக்கும் வேலையை அது வேண்டுமென்றே தன் தலையில் போட்டுக்கொள்வதில்லை. இன்னும் இறுக்கமாக இருக்க விரும்புபவர் கீபாஸ்2அன்ட்ரொயிட்டின் ஒஃப்லைன் பதிப்பை எடுக்கலாம். இணையத்துக்குப் போகும் அனுமதியையே அது கேட்பதில்லை.

தரவிறக்கும்போது தேடற்பக்கத்தின் மேலே வரும் விளம்பரத்தை அழுத்தவே கூடாது. 2023 ஒக்டோபரில் கீபாஸின் முகவரியைப் போலவே தோன்றும் போலித்தளம் ஒன்று கூகுள் விளம்பரமாகவே வந்தது. முதல் எழுத்தின் அடியில் ஒரு சிறு குறி, வேறுபாடு அவ்வளவுதான். விண்டோஸில் இறக்கிய கோப்பை வலது சொடுக்கி, 'புரொப்பர்ட்டீஸ்' என்பதில் டிஜிட்டல் கையொப்பத்தைப் பார்க்க வேண்டும். கீபாஸ்எக்ஸ்சிக்கு அங்கே ட்ரொயிட்மங்கி அப்ஸ் என்று இருக்கும். நண்பர் பென்ட்ரைவில் கொண்டுவந்த 'செட்டப்' எவ்வளவு நல்ல நண்பருடையதாக இருந்தாலும் வேண்டாம்.

புதிய பெட்டகம் உருவாக்கும்போது அமைப்புகளை அப்படியே விட்டுவிடலாம். கடவுச்சொல்லைத் திறவுகோலாக மாற்ற ஆர்கன்2 என்ற முறை பயன்படுகிறது. 2015இல் கடவுச்சொல் பாதுகாப்புக்கென நடந்த பன்னாட்டுப் போட்டியில் தெரிவானது. அதற்கான நினைவகம் 64 மெகாபைட் என்று இருக்கும். 'கூட்டினால் பலம்தானே' என்று கணினியில் அதை ஒரு ஜிகாபைட்டாக ஆக்குவோர் உண்டு. அதன்பின் 2 ஜி.பி. நினைவகமுள்ள தொலைபேசியில் கோப்பு திறக்காது, செயலி பொத்தென்று மூடிக்கொள்ளும். ஐபோனில் தானாக நிரப்பும் பகுதிக்கு ஒதுக்கப்படும் நினைவகம் இன்னும் குறைவு. ஆகவே 64இலேயே நிற்கட்டும்.

பிரதான கடவுச்சொல்லுக்குத் தாயக்கட்டை முறையை விட நல்லதை யாரும் சொல்லிவிடவில்லை. ஆறு முகக் கட்டையை ஐந்து தடவை உருட்டினால் 7776 விளைவுகள். 7776 சொற்கள் கொண்ட பட்டியலில் அந்த எண்ணுக்குரிய சொல்லை எடுக்க வேண்டும். இப்படி ஆறு சொற்கள் எடுத்தால் 77 பிட் பலம், அதாவது ஊகிப்பவர் முன் 2ஐ 77 தடவை பெருக்கினால் வரும் அளவு தெரிவுகள். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல் இதற்குக் கிட்டவும் வராது.

தமிழர் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. எந்தக் கையேட்டிலும் இதைக் காண்பது அரிது. பிரதான கடவுச்சொல்லைத் தமிழ் எழுத்தில் தட்டச்சக் கூடாது. 'கொ' என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை, கணினி எழுத்துகளைப் பதியும் ஒருங்குறியில் (யுனிகோட்) ஒரே குறியெண்ணாகவும் பதியலாம், எகரக் கொம்பும் காலும் என இரண்டு குறியெண்களாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மறையாக்கத்துக்கு அவை வெவ்வேறு சொற்கள். 'கௌரி' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் 'ள'வையும் போட்டுப் பழகியவர்களும் நம்மிடையே ஏராளம். கணினியில் ஒரு விசைப்பலகை, தொலைபேசியில் வேறொன்று என்று இருந்தால், சரியாகத் தட்டச்சியும் 'கடவுச்சொல் பிழை' என்ற பதிலே வரலாம், காரணமும் பிடிபடாது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதலாம். ஆனால் 'வாழை' என்பதை ஆங்கிலத்தில் நாலுபேர் நாலு விதமாக எழுதுவார்கள். எப்படி எழுதினீர்கள் என்பதை முதல் நாளே தாளில் குறித்துவிடுங்கள்.

இனிச் சுமப்பவர். சிங்க்திங் என்ற மென்பொருள் 2013 முதல் இருக்கிறது. கணக்குத் திறக்க வேண்டாம், மின்னஞ்சல் முகவரி கொடுக்க வேண்டாம், நடுவில் கோப்பைச் சேமிக்கும் சேவையகமும் இல்லை. உங்கள் கணினியும் தொலைபேசியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். நிறுவியதும் அதன் பக்கம் உலாவியில் 127.0.0.1:8384 என்ற முகவரியில் திறக்கும். பெயரில்லாமல் பயன்பாட்டு விபரம் அனுப்பலாமா என்று ஆரம்பத்தில் கேட்கும். 'இல்லை' என்றால் அதோடு விட்டுவிடும். வங்கிச் செயலிகளும் இப்படி மரியாதையாகக் கேட்டால் எவ்வளவு நல்லது!

ஒவ்வொரு கருவிக்கும் ஏழு எழுத்துகள் கொண்ட எட்டுத் தொகுதிகளாக ஓர் அடையாள எண் வரும். அதைக் கையால் தட்டச்ச வேண்டியதில்லை. கணினித் திரையில் கியூஆர் படமாகக் காட்டித் தொலைபேசியால் பிடிக்கலாம். ஒரு பக்கம் சேர்த்தால் மறுபக்கம் ஒப்புதல் கேட்கும். இரு பக்கமும் ஒப்புக்கொள்ளாமல் எதுவும் நகராது. பின்னர் பெட்டகக் கோப்பு மட்டும் இருக்கும் தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கி அதை மட்டும் பகிருங்கள். 'டொக்கியுமென்ட்ஸ்' முழுவதையும் பகிர்ந்தால் நூற்றுக்கணக்கான கோப்புகள் தொலைபேசிக்குள் கொட்டுப்படும். பிரதான கடவுச்சொல்லோடு சேர்த்துக் காட்டினால்தான் பெட்டகம் திறக்கும்படி திறவுகோல் கோப்பு வைத்திருப்பவர்கள் அதை இந்தக் கோப்புறைக்குள் போடக்கூடாது, பென்ட்ரைவிலோ கேபிளிலோ ஒரு தடவை கையால் கொண்டுபோக வேண்டும். பொதிக்குள்ளேயே சாவியை வைத்துப் பஸ் ஏற்றுவதில் என்ன பயன்?

வீட்டு வைபைக்குள் மட்டும் வேலை செய்தால் போதும் என்பவர்கள் அமைப்புகளில் 'குளோபல் டிஸ்கவரி', 'ரிலே', 'நட் ட்ராவர்சல்' மூன்றையும் அணைத்து, 'லோக்கல் டிஸ்கவரி'யை மட்டும் விடலாம். கோப்பு வீட்டை விட்டு வெளியே போகாது. கொழும்பில் படிக்கும் பிள்ளையோடும் பகிர வேண்டுமானால் அவற்றைத் திறந்தே விட வேண்டும். அப்போது கருவிகள் ஒன்றையொன்று கண்டறிய உதவும் சேவையகத்துக்கு உங்கள் அடையாள எண்ணும் இணைய முகவரியும் தெரியும், கோப்பு தெரியாது. மொபைல் டேட்டாவில் பல வாடிக்கையாளர் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால் நேரடித் தொடர்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. அப்போது ரிலே எனப்படும் இடைச் சேவையகம் வழியாகப் போகும். அது மெதுவானது, இடையில் இருப்பவரால் வாசிக்கவும் முடியாது. சில நூறு கணக்குகள் உள்ள பெட்டகமும் வழக்கமாகச் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும் என்பதால் வேகக் குறைவு உறைக்காது. அடையாள அட்டையின் ஸ்கான் படங்களை இணைப்பாகப் போட்டு ஊதவிட்டால் வேறு கதை.

"இரண்டும் ஒரே வைபையில் இருக்கிறது, ஆனாலும் ஒன்றை ஒன்று காணவில்லை" என்பது அடிக்கடி வரும் முறைப்பாடு. விண்டோஸ் உங்கள் வீட்டு வைபையைப் 'பப்ளிக்' என்று வகைப்படுத்தி வைத்திருந்தால், வெளியிலிருந்து வரும் தொடர்பைத் தீச்சுவர் (ஃபயர்வோல்) மறித்துவிடும். 'பிரைவேட்' என்று மாற்றி, டி.சி.பி. 22000, யூ.டி.பி. 21027 ஆகிய வாயில்களை (போர்ட்)ச் சிங்க்திங்குக்கு அனுமதித்தால் சரியாகும். அதன் பிறகும் காணாவிட்டால் தொலைபேசி ரவுட்டரின் விருந்தினர் வைபையில் தொங்குகிறதா என்று பாருங்கள். விருந்தினர் வலையில் உள்ள கருவிகளை ரவுட்டர் ஒன்றோடொன்று பேச விடாது.

அன்ட்ரொயிட்டில் சிங்க்திங்கின் அதிகாரபூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. திறந்த நிரல் செயலிகளுக்கான எப்-ட்ரொயிட் களஞ்சியத்தில் உள்ள சிங்க்திங்-ஃபோர்க் அந்த வேலையைச் செய்கிறது. கோப்புகளைத் தொடும் அனுமதியை அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும், சுமப்பவருக்குக் கை வேண்டுமல்லவா. இருப்பிட அனுமதி அப்படியல்ல. 'இன்ன பெயருள்ள வைபையில் மட்டும் ஓடு' என்று நீங்கள் கட்டுப்படுத்தினால்தான் அது தேவை. ஏனென்றால் வைபையின் பெயரை வாசிக்கவே இருப்பிட அனுமதி வேண்டும் என்பது அன்ட்ரொயிட்டின் விதி. எந்த வைபையாக இருந்தாலும் சரி என்று விட்டால், இருப்பிடத்தைத் தயங்காமல் மறுக்கலாம்.

பற்றரிச் சேமிப்பு இங்கே பெரிய எதிரி. சாவோமி, ஒப்போ, விவோ, சாம்சங் எல்லாம் பின்னணியில் ஓடும் செயலிகளைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும். செயலியின் பற்றரி அமைப்பில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று போடாவிட்டால், 'நேற்று மாற்றிய கடவுச்சொல் தொலைபேசியில் வரவில்லை' என்பது நிச்சயம். இன்னொன்று: இரு கருவிகளும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தான் கோப்பு நகரும். இரவில் கணினியை அணைத்துவிட்டுத் தொலைபேசியில் மாற்றினால், மறுநாள் கணினி எழும்பும்வரை அங்கே பழையதுதான். கண்ணாடி வெடித்த பழைய தொலைபேசி வீட்டில் கிடந்தால், அதைச் சார்ஜரில் போட்டு எப்போதும் விழித்திருக்கும் மூன்றாவது ஆளாக வைக்கலாம்.

மேலே சொன்னவற்றில் பிசகினால் தாமதம் வரும், அவ்வளவுதான். உண்மையில் தரவு தொலையும் இடம் மோதல். கணினியில் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுகிறீர்கள். அந்த மாற்றம் போய்ச் சேருமுன் தொலைபேசியில் வேறொரு கணக்கைச் சேர்க்கிறீர்கள். கோப்புக்குள் இருப்பதைச் சிங்க்திங் வாசிக்க முடியாது, வாசிக்கவும் கூடாது. ஆகவே அது இரண்டையும் கலப்பதில்லை. பிந்திய நேரமுத்திரை உள்ளதை முதன்மைக் கோப்பாக விட்டுவிட்டு, மற்றதன் பெயருக்குள் 'சிங்க்-கொன்ஃப்ளிக்ட்' என்ற சொல்லையும் திகதியையும் சேர்த்துப் பக்கத்தில் வைக்கும். இதைக் கண்டு பயந்து அழிப்பவர்களே அதிகம். அழித்தால் அந்த ஒரு மாற்றம் போய்விட்டது. செய்ய வேண்டியது: கணினியில் முதன்மைக் கோப்பைத் திறந்து, 'டேட்டாபேஸ்' பட்டியலில் 'மேர்ஜ்' என்பதைத் தெரிந்து, மோதல் கோப்பைக் காட்டிக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளமும் கடைசியாக மாற்றிய நேரமும் இருப்பதால், கீபாஸ்எக்ஸ்சி பதிவு பதிவாக ஒப்பிட்டுப் புதியதை எடுக்கும், பழையதை வரலாற்றில் போடும். சேமித்து, இரண்டு மாற்றங்களும் வந்துவிட்டனவா என்று கண்ணால் பார்த்த பின்னரே மோதல் கோப்பை அழியுங்கள். இதை ஒரே கருவியில் மட்டும் செய்ய வேண்டும். கணினியில் ஒருவரும் தொலைபேசியில் இன்னொருவரும் ஒரே நேரத்தில் இணைக்கப் புறப்பட்டால் புதிய மோதல் பிறக்கும்.

தொலைபேசியின் திகதி பிழையாக இருந்தாலும் இதே தொல்லை, பழையது புதியதுபோல் நடிக்கும். நேரத்தைத் தானாக அமைக்க விடுங்கள். பெட்டகத்தை நாள் முழுக்கத் திறந்து வைப்பதும் கூடாது. வெளியில் கோப்பு மாறிவிட்டது என்று கீபாஸ்டிஎக்ஸ் எச்சரித்தால் 'இணை' என்பதை அழுத்துங்கள், 'மேலெழுது' வேண்டாம். பெற்றோரின் தொலைபேசி பார்ப்பதற்கு மட்டும்தான் என்றால், அங்கே கோப்புறை வகையை 'ரிசீவ் ஒன்லி' ஆக்கிவிடுவது எல்லாவற்றிலும் நிம்மதி. கைதவறி ஏதும் அழித்தாலும் மற்றக் கருவிகளுக்கு அது பரவாது.

கருவிகளிடையே நடக்கும் இந்த ஒத்திசைவை மாற்றுப் பிரதி (பக்கப்) என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். சிங்க்திங்கில் 'சிம்பிள் ஃபைல் வேர்ஷனிங்' என்பதைப் போட்டால், வழக்கமான அமைப்பில் பழைய பிரதிகள் 5 மறைவான கோப்புறை ஒன்றில் இருக்கும். ஆனால் அது மற்றக் கருவியிலிருந்து வந்த மாற்றத்துக்கு மட்டும்தான். அதே கருவியில் நீங்களே செய்ததற்கு இல்லை. எனவே இரு பக்கமும் போடுங்கள். அதற்கு மேல், மாதம் ஒரு தடவை கோப்பைப் பென்ட்ரைவ் இரண்டில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். எடுத்ததோடு விடாமல் திறந்தும் பாருங்கள். 2023 ஓகஸ்ட் 26இல் இலங்கை அரச முகிற் சேவையகம் கப்பம் கேட்கும் தீநிரலுக்கு ஆளானபோது, மே 17 முதல் அன்றுவரையான அரச மின்னஞ்சல்கள் மீளவே இல்லை. அந்தக் காலத்துக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே அந்த நிலை.

ஐபோன்காரர்களுக்குச் சுருக்கமாக: பெட்டகத்துக்குக் கீபாசியம், சுமக்க மோபியஸ் சிங்க். பின்னது 20 மெகாபைட் வரை இலவசம், பெட்டகத்துக்குத் தாராளம். பின்னணியில் ஓட அப்பிள் விடாததால், அவ்வப்போது கையால் திறந்துவிட வேண்டும். இத்தனையும் தலைசுற்றுகிறது என்பவர்களுக்குப் பிட்வோர்டன் இருக்கிறது. அதன் நிரலும் திறந்தது, இலவசக் கணக்கிலேயே எத்தனை கருவியிலும் வேலை செய்யும். பூட்டுபவரும் சுமப்பவரும் அங்கே ஒருவரே என்பதை மட்டும் அறிந்து போடுங்கள்.

அன்றாடப் பாவனையில் கவனிக்க வேண்டியவை சில. அன்ட்ரொயிட் 8உம் அதற்குப் பிந்தியதும் உள்ள தொலைபேசிகளில் தானாக நிரப்பும் வசதி இருக்கிறது. அதற்காக எந்தச் செயலிக்கும் 'அக்சசிபிலிட்டி' அனுமதி கொடுக்காதீர்கள். அந்த அனுமதி திரையில் உள்ள அனைத்தையும் வாசிக்க விடும். கீபாஸ்டிஎக்ஸ் தனக்கென்று ஒரு சிறு விசைப்பலகையும் வைத்திருக்கிறது. அதனால் நிரப்பினால், கடவுச்சொல் நகலெடுத்ததை வைத்திருக்கும் கிளிப்போர்டிலும் தங்காது, எங்கிருந்தோ இறக்கிய தமிழ் விசைப்பலகையின் கையிலும் சிக்காது. கணினியில் நகலெடுத்தால் கீபாஸ்எக்ஸ்சி 10 விநாடியில் கிளிப்போர்டைத் துடைத்துவிடும்.

தொலைபேசியைத் திருத்தக் கொடுக்கும்போது கடைக்காரர் திரைப் பூட்டைக் கேட்பது வழமை. கொடுக்கு முன் பெட்டகக் கோப்பையும் சிங்க்திங்கையும் அகற்றிவிட்டுக் கொடுங்கள், திரும்பி வந்ததும் பத்து நிமிடத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். அகற்றும் ஒழுங்கு முக்கியம்: முதலில் சிங்க்திங், பிறகு கோப்பு. மாறிச் செய்தால் 'அழிக்கப்பட்டது' என்ற செய்தி கணினிக்கும் போய் அங்கேயும் அழியும். தொலைந்தே போனால், மற்றக் கருவிகளில் அதன் அடையாள எண்ணை நீக்குங்கள். பிரதான கடவுச்சொல்லை மாற்றினாலும், தொலைந்த தொலைபேசியில் உள்ள பழைய பிரதி பழைய கடவுச்சொல்லுக்குத் திறக்கும் என்பதை மறக்கக்கூடாது. ஆறு சொல் வைத்திருந்தவர் பதற வேண்டியதில்லை. இலேசான கடவுச்சொல் வைத்திருந்தவர் அன்றைக்கே வங்கியிலும் மின்னஞ்சலிலும் இருந்து ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்க வேண்டும்.

பிரதான கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத்தர எந்த நிறுவனமும் இல்லை. ஆகவே அதைத் தாளில், ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறாமல் எழுதி, உறையில் இட்டு ஒட்டி, உறையின் குறுக்கே கையொப்பமிட்டுக் காணி உறுதி இருக்கும் இடத்திலேயே வையுங்கள். பென்ட்ரைவ் எந்த வீட்டில் இருக்கிறது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

இங்ஙனம்,
கணினிப் பயிற்றுநர் ஒருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.